கடிகாரமும் கர்த்தாவும்

ஒசூரிற் கைக்கடிகாரங்கள் ஆக்கப்படுகின்றன. கடிகாரத்துக்கு ஆக்கியோன் உளனாதல்போல, உயிர்களின் உறுப்பமைதிக்கும் ஒருவன் உளனெனப் பேலி என்னும் ஆங்கிலேயர் 1802-இல் வாதித்தார். அவ்வாதம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் புதுப்பெயருடன் அமெரிக்கப் பள்ளிகளிற் புக முயன்றது. அஃது அறிவியலன்றென 2005-இல் டோவர் வழக்கிற் றீர்ப்பாயிற்று. ஈண்டும் 2023-இல் மத்தியப் பாடநூலிலிருந்து பத்தாம் வகுப்புப் பரிணாமப் பகுதி, சுமை குறைத்தற்பொருட்டென நீக்கப்பட்டபோது, 1,800-க்கு மேற்பட்டோர் மறுத்துக் கையொப்பமிட்டனர்.

பரிணாமம் நீங்கின் பதியுண்மை நிலைபெறும் என்பாருளராயின், அது பொருந்தாது. என்னை? சிவஞானபோத முதற்சூத்திரம் உறுப்பொன்றன் நுட்பத்தை நோக்காது, உலகு தோன்றி நின்று ஒடுங்குதல் பற்றியே கர்த்தாவைத் துணியும். மண் குடமான முறையை விளக்குதல் குயவனை மறுத்தலாகாது. மாயையின் விரிவை ஆராய்தலும் அன்னதே. அறிவியல் விடைகாணாவிடத்து இறைவனை வைப்போர், விடை காணுந்தோறும் அவனைப் பின்வாங்கச் செய்வர். ஆதலின், பரிணாமம் அறிவியல் வகுப்பிலும் பதியாராய்ச்சி சித்தாந்த வகுப்பிலும் கற்பிக்கப்படுதலே முறையென்க.