யோர்க்தான், யோர்க்கேதான்!

மகளுக்கு உளவியல் படிக்க இரண்டு இடத்தில் அனுமதி வந்தது. ஒன்று ரொறன்ரோ பல்கலைக்கழகம், மற்றது யோர்க் பல்கலைக்கழகம். அன்றிலிருந்து எனக்கு வாய் ஓயவில்லை. ஜேம்சன் அவெனியூவில் எங்கள் கட்டட லிஃப்டில் ஏறுகிறவர்கள், குயின் வீதி மோமோக் கடையில் வரிசையில் நிற்கிறவர்கள், வேலையிடத்தில் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. "இஞ்சாருங்கோ, படிக்கப் போறது நீங்களோ பிள்ளையோ?" என்று மனைவி கேட்டாள். பிள்ளைதான் படிக்கப் போகிறாள், ஆனால் சந்தோஷம் எனக்கும்தானே!

பார்க்டேலில் வளர்ந்த பிள்ளைக்கு மனித மனத்தின் மேல் ஆசை வராவிட்டால்தான் அதிசயம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்திறங்கிய எங்கள் சனம் இங்கேதான் ஒரு அறைக்குள் நாலைந்து பேராக ஒதுங்கியது. இப்போது திபெத்தியர் நிறைந்து இதைக் குட்டித் திபெத் என்கிறார்கள். எங்களுக்கு முன்பே, மனநல மருத்துவமனைகள் கட்டில்களைக் குறைத்துக்கொண்டே போன காலத்தில், அங்கிருந்து வெளியே வந்தவர்கள் குடியேறியதும் இந்த வீதிகளின் வாடகை அறைகளில்தான். 501 ஸ்ட்ரீட்காரில் ஏறிக் கொஞ்சம் கிழக்கே போனால் குயின் வீதி மேற்கு 1001ஆம் இலக்கம். 1850இல் புகலிடமாகத் திறக்கப்பட்டு, இன்று கேம்எச் என்று எல்லாரும் சொல்லுகிற பெரிய மனநல மருத்துவமனை. அதன் ஓரமாக நிற்கும் பழைய செங்கல் மதிலை நோயாளிகளே கட்டினார்கள், 1860இலும் 1888-89இலும், சம்பளம் ஒரு சதமும் இல்லாமல். என் மகள் பதினாலு வயதில் அந்த மதிலில் கை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டு, "அப்பா, இதைக் கட்டின ஆக்களின்ர பேர் ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டாள். அன்றைக்கே எனக்குத் தெரியும், இவள் சைக்கொலொஜி என்று ஒருநாள் வந்து நிற்பாள் என்று.

சரி, ரொறன்ரோ பல்கலைக்கழகம். ஐயோ, அதையும் சொல்லாமல் விட முடியுமா! கொன்வொகேஷன் ஹோலுக்குள் நுழைவதாக நினைச்சுப் பாருங்கோ: 1907இல் திறந்த வட்ட மண்டபம், தலைக்கு மேலே குவிமாடம், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேலான இருக்கைகள் மாடி மாடியாக எழும்பி நிற்கின்றன, முதலாம் ஆண்டு உளவியல் விரிவுரை இங்கேதான் நடக்கும் என்று மகள் சொன்னதும் நான் பின்வரிசையில் போய் இருந்து, மேடை எவ்வளவு தெரிகிறது, குரல் எப்படி வரும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். பிறகு சிட்னி ஸ்மித் ஹோல், உளவியல் துறை இருக்கும் கட்டடம். பார்க்க வெறும் கொங்கிறீட்; ஆனால் அந்தத் துறையின் கதையைக் கேளுங்கோ! 1889இல் ஜேம்ஸ் மார்க் போல்ட்வின் என்பவர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நிறுவியதுதான் பிரித்தானியப் பேரரசிலேயே முதல் உளவியல் ஆய்வுகூடம். தாய் அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்துப் பாசப் பிணைப்பை அளந்த மேரி ஐன்ஸ்வேர்த் பட்டம் வாங்கியது இங்கே. 1972இல் நினைவை இரண்டாகப் பிரித்துக் காட்டிய எண்டல் டல்விங் நெடுங்காலம் பேராசிரியராக இருந்ததும் இங்கேதான்.

அந்த இரண்டு நினைவையும் மகள் எனக்குச் சொல்லித் தந்த விதத்தைச் சொல்ல வேண்டும். "அப்பா, யாழ்ப்பாண நூலகம் 1981இல எரிஞ்சது எண்டு உங்களுக்குத் தெரியும். அது ஒரு வகை நினைவு. எரிஞ்ச அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்றாள். ஒழுங்கைக்குள், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, வானம் செம்மஞ்சளாக இருந்தது, பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்தது, என்று நான் சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைத்தது. "அது மற்ற நினைவு. டல்விங் சொன்னது அதைத்தான்" என்றாள். புத்தகத்தில் இருக்கிற ஒரு கோட்பாடு என் ஒழுங்கைக்குள் வந்து நின்றது! அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. போகிறது என்றால் ரொறன்ரோதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பிறகு யோர்க்குக்குப் போனோம்.

வழியைக் கேளுங்கோ. குயின் வீதிச் சந்தியில் 47ஆம் இலக்க லான்ஸ்டவுன் பஸ், லான்ஸ்டவுன் ஸ்டேஷனில் கிழக்கே போகும் சப்வே, சென் ஜோர்ஜில் இறங்கி வடக்கே வோன் பக்கம் போகும் ரயில். சென் ஜோர்ஜ் என்பது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வாசல்! அதன் காலடியில் ரயில் மாறிக்கொண்டுதான் யோர்க்குக்குப் போக வேண்டும். அந்தப் பிளாட்ஃபோமில் நிற்கும்போதுகூட நான் "இப்படியே மேலே ஏறினால் கொன்வொகேஷன் ஹோல்" என்றுதான் சொல்லிக்கொண்டு நின்றேன். 2017 டிசெம்பர் 17 வரை யோர்க்குக்குச் சப்வே கிடையாது, பெடியள் பஸ்ஸில் இடிபட்டுத்தான் போவார்கள். இப்போது ரயில் நேரே வளாகத்தின் நடுவில் கொண்டுபோய் இறக்குகிறது. எஸ்கலேட்டரில் மேலே வர வர வெளிச்சம் கூடிக்கொண்டே வருகிறது, பெரிய கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் முழு வளாகமும் விரிந்து கிடக்கிறது, முக்காடும் தலைப்பாகையும் பின்னலும் குட்டை முடியுமாக, பத்துப் பாஷையில் கதைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்கள், நடுவில் ஒரு பிள்ளை கைபேசியில் "ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்று சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

யோர்க்கில் உளவியலுக்கு என்று எடுத்தால் முதல்நாளிலிருந்தே அவள் உளவியல் மாணவி. ரொறன்ரோவின் நகர வளாகத்தில் முதலாம் ஆண்டைப் படித்து முடித்து, புள்ளி காட்டி, அதன்பிறகுதான் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஒரு வருஷம் பிள்ளைகள் படும் பதற்றத்தை நான் எங்கள் கட்டடத்திலேயே பார்த்திருக்கிறேன். அங்கே அறிமுக உளவியல் ஒரு தவணைப் பாடம், இங்கே அதே அறிமுகத்தை இரண்டு தவணைக்கு ஆற அமர நடத்துகிறார்கள். பி.ஏ.யாகவும் எடுக்கலாம், பி.எஸ்ஸி.யாகவும் எடுக்கலாம். உளவியல் துறை சுகாதார பீடத்துக்குள் இருப்பதால் தாதியியல் படிக்கிற பிள்ளையும் இவளும் ஒரே பீடம். ஒன்று மட்டும்: மாசி மாதத்தில் அந்த வெட்டவெளிக் காற்று காதை அறுக்கும் என்கிறார்கள். தொப்பி போடலாம்!

இனி வருவதைக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கோ, எனக்குத்தான் மெதுவாகச் சொல்ல வராது. யோர்க்கில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர் லெஸ்லி கிறீன்பேர்க். தென்னாபிரிக்காவில் பிறந்து எஞ்சினியரிங் படித்தவர், எஞ்சினியர் என்றால் எங்கள் வீடுகளில் அதற்கு மேல் பேச்சே இல்லை, அதை விட்டுவிட்டு யோர்க்குக்கு வந்து உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி, லோரா றைஸ் என்ற தன் ஆசிரியையோடும் வேறு சிலரோடும் சேர்ந்து உணர்வை மையமாக வைத்த ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார், இன்று உலகமெங்கும் அதைக் கற்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் ஒரு வெறும் நாற்காலி வரும். உங்களுக்கு முன்னால் ஒரு நாற்காலியை வைப்பார்கள், அதில் யாரும் இல்லை, உங்களோடு கணக்குத் தீராமல் போன ஒருவர் அதில் இருப்பதாக வைத்துக்கொண்டு நீங்கள் பேச வேண்டும், இறந்துபோன தகப்பனாக இருக்கலாம், கைவிட்டுப் போன கணவனாக இருக்கலாம், பிறகு எழும்பி அந்த நாற்காலியில் நீங்களே போய் இருந்து அவராக மறுமொழி சொல்ல வேண்டும். மகள் இதைப் பற்றிய ஒரு காணொளியை வீட்டில் போட்டுக் காட்டினாள். நான் பாதியில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நாற்காலி தேவை! ஒரு படத்தைச் சுவரில் மாட்டிவைத்து அதோடு பேசவும் முடியாமல் அதைக் கழற்றவும் முடியாமல் இருக்கும் தாய்மார் எத்தனை பேர் இந்த நகரத்தில்! மோர்ட்டன் பைசரும் கூட ஆய்ந்தவர்களும் ரொறன்ரோவில் ஆயிரத்து அறுநூறு ஈழத்தமிழரைக் கேட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், 12 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் போரும் இழப்பும் விட்டுப்போன மனவடு நோய் இருந்திருக்கிறது என்று வந்தது. அந்த ஆட்களுக்கு முன்னால், தமிழில், அவசரப்படாமல் ஒரு நாற்காலியைத் தள்ளிவைக்க என் பிள்ளை படிக்கப் போகிறாள், அந்த முறை வளர்ந்த இடத்திலேயே படிக்கப் போகிறாள், இதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது!

இன்னும் முடியவில்லை. அந்த மதிலைச் சொன்னேனே, அதைக் கட்டிய ஆட்களைப் பற்றி? அவர்களின் வாழ்க்கையை மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து தேடியெடுத்து 2000இல் புத்தகமாக எழுதினார் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி றியூம். மனநல மருத்துவமனை அனுபவம் தனக்கும் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்பவர், அந்த மதிலடிக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் அதன் கதையைச் சொல்பவர். அவர் எங்கே பேராசிரியர் தெரியுமோ? யோர்க்கில்! மகள் இதைக் கண்டுபிடித்தபோது நடுராத்திரி. அறைக் கதவைத் தட்டி எழுப்பி, "அப்பா, அப்பா, அந்த மதில்..." என்றாள், மிச்சம் சொல்ல வரவில்லை. நானும் அவளும் குசினி மேசையில் இருந்து விடியும்வரை கதைத்தோம், இடையில் மனைவியும் எழும்பி வந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

எலன் பியாலிஸ்டோக்கை வேறு சொல்லாமல் விட்டேனே! யோர்க்கின் பேராசிரியை. இரண்டு மொழி பேசுகிறவர்களின் மூளையை ஆராய்ந்தவர். மறதி நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 184 பேரின் விபரங்களைப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாள் முழுக்க இரு மொழி பேசியவர்களுக்கு நோய்க்குறிகள் ஏறக்குறைய 4 வருஷம் பிந்தியே தெரிந்தன. இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பிறகு வாதங்கள் நடந்தன, அது அவர்கள் பாடு. மழையிலும் பனியிலும் பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்ட எனக்கு இந்தச் செய்தி எப்படி இனித்திருக்கும்! அந்த ஆய்வில் அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஃபேர்கஸ் கிரெய்க், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பெரிய நினைவாற்றல் ஆய்வாளர். அங்கேயும் இங்கேயும் இருக்கிறவர்கள் ஒன்றாகத்தான் வேலை செய்கிறார்கள்.

"யூ ஒஃப் டி கிடைச்சும் யோர்க்கோ?" என்று கேட்கும் மச்சான்மாருக்கும் அன்ரிமாருக்கும் நான் சொல்வது இதுதான். யோர்க் 1960இல் முதல் வகுப்பைத் தொடங்கியதே ரொறன்ரோ பல்கலைக்கழக வளாகத்தில், ஃபல்கனர் ஹோலில். சில வருஷம் அதன் துணையோடு நடந்து, பிறகுதான் வடக்கே கீல் வீதிக்குப் போய்த் தன் பாட்டில் வளர்ந்தது. "அங்கை ஸ்ட்ரைக் நடக்கும்" என்பார்கள். 2018இல் நடந்தது, 2024இலும் நடந்தது, உண்மை. நடந்தும் பிள்ளைகள் பட்டம் வாங்கி வந்திருக்கிறார்கள். "கேம்எச் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனையல்லோ" என்று ஒருவர் சொன்னார், நல்ல கேள்வி. ஆனால் அங்கே உளவியலாளராக வேலைக்குப் போக நினைத்தால் நாலு வருஷப் பட்டம் போதாது. ஒன்ராறியோவில் உளவியலாளர் என்று பெயர்ப்பலகை போட மேற்படிப்பு வேண்டும், கண்காணிப்பில் பயிற்சி வேண்டும், உரிமம் வேண்டும். அந்த மேற்படிப்புக்கு அவள் ரொறன்ரோவுக்குப் போகட்டுமே, ஆர் மறிச்சது!

யூன் முதலாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது, அவள் அதற்கு முன்பே யோர்க்கை ஏற்றுக்கொண்டுவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், திரையில் உறுதிப்படுத்தும் வரி வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் திபெத்திய அம்மா கதவைத் திறந்து என்ன என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மகளைக் கட்டிப்பிடித்தார். இப்போது அறிமுக உளவியல் பாடப்புத்தகம் ஒன்றைப் பார்க்டேல் நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன், புள்ளிவிபரவியல் கட்டாயப் பாடமாம், அதற்கும் ஒன்று பார்க்க வேண்டும். கையில் இரண்டு அனுமதியை வைத்துக்கொண்டு குழம்பிப்போய் நிற்கிற வீடு எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கோ, இரண்டு வளாகத்தையும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். லான்ஸ்டவுன் பஸ் நிற்கிற இடத்தில் சந்திப்பம். சனிக்கிழமையெண்டால் எனக்கு வேலை இல்லை.