டெல்புரூக்கின் கேள்வி எங்கே போயிற்று?

உயிரியல் எடுத்து நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு, ஊர் ஆந்திராவின் புத்தலப்பட்டானாலும் சென்னையானாலும், மெசல்சன்–ஸ்டால் சோதனை மனப்பாடம். நான்கு விடைகளில் சரியானதை நொடியில் குறித்துவிடுவார்கள். டி.என்.ஏ. நகலாவதை நாம் கற்பிக்கும் இந்த முறையில் பலமும் உண்டு, பெரிய ஓட்டையும் உண்டு.

பலம், அந்தச் சோதனையையே நடுவில் வைத்திருப்பது. கன நைட்ரஜனில் வளர்ந்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். அதன் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் கலந்து, நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் சுழற்றினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் நடுவில் ஒரே பட்டை. பழைய சுருள் குலையாமல் இருக்க, புதியது தனியே உருவாகிறது என்ற கருத்து அங்கேயே விழுந்தது. இரண்டாம் தலைமுறையில் நடுப்பட்டையும் லேசான பட்டையும் சமமாக நின்றன. இழைகள் துண்டுதுண்டாக உடைந்து கலக்கின்றன என்ற கருத்தும் போயிற்று. 1958-இல் வந்த இந்தத் தெளிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தத் துண்டுக் கருத்தைச் சொன்னவர் மாக்ஸ் டெல்புரூக், 1954-இல். நம் பிள்ளைகளுக்கு அது வெறும் தவறான விடை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை யாரும் கேட்பதில்லை; ஓட்டை அதுதான். ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய இரண்டு இழைகள் அறுபடாமல் எப்படிப் பிரியும்? ஈ. கோலை பாக்டீரியாவில் நகலெடுக்கும் முனை நொடிக்குச் சுமார் 1,000 எழுத்து நகர்கிறது; பத்து எழுத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு நூறு சுற்று அவிழ வேண்டும், அதுவும் நுனியே இல்லாத வளையத்தில். சோதனையால் அவருடைய விடை தவறென்று ஆனது. கேள்வி அப்படியே நின்றது.

பல ஆண்டுகள் நின்றது. பெங்களூரில், இந்திய அறிவியல் நிறுவனத்தில், வி. சசிசேகரனும் பட்டாபிராமனும் 1976-இல் வேறொரு வடிவத்தை முன்வைத்தார்கள். ஜி.என். ராமச்சந்திரனோடு சென்னையில் புரத அமைப்பு வரைபடத்தை 1963-இல் வெளியிட்டவர்களில் ஒருவர் இந்தச் சசிசேகரன். கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் என மாறிமாறித் திரும்பி, இரண்டு இழைகளும் பக்கம்பக்கமாக ஓடும் வடிவம் அது. அதில் பின்னலே இல்லாததால் அவிழ்க்கும் தொல்லையும் இல்லை. அதே ஆண்டு நியூசிலாந்திலிருந்தும் இதுபோன்ற ஒரு வடிவம் வந்தது.

இரட்டைச் சுருள் வடிவத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான கிரிக் இதை அலட்சியம் செய்யவில்லை. 1979-இல் வாங், பாவர் என்ற ஆய்வாளர்கள் இருவரோடும் சேர்ந்து, டி.என்.ஏ. உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்று கேட்டே ஒரு கட்டுரை எழுதினார். வளைய டி.என்.ஏ.வில் இழைகள் எத்தனை முறை பின்னியிருக்கின்றன என்ற கணக்கு, பக்கம்பக்க வடிவத்துக்கு ஒத்துவரவில்லை. பெங்களூர் வடிவம் தோற்றது. ஆனால் இழையை அறுத்து, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும் நொதி ஒன்றை வாங் 1971-லேயே ஈ. கோலையில் கண்டிருந்தார். அறுத்து ஒட்டாமல் முடியாது என்று டெல்புரூக் சந்தேகித்ததில் அவ்வளவு உண்மை இருந்தது.

இந்த ஓட்டையை அடைக்க, ஆசிரியர் கரும்பலகையில் பின்னிய இரண்டு வளையங்களை வரைந்து, அறுக்காமல் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கலாம். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைக் காட்டலாம். பாக்டீரியாவின் முறுக்கவிழ்க்கும் நொதியை முடக்கித்தான் அது கிருமியைக் கொல்கிறது.