திறந்த வண்டிக்குக் கண்ணாடியிழைக் கூரை: ஒரு கைவேலையின் மதிப்பீடு

கூரையின்றி வடிவமைக்கப்பட்ட வண்டிக்குப் பின்னாளில் கெட்டியான கூரை ஒன்றைச் செய்து பொருத்தும் வழக்கம், மேலைநாடுகளில் பழைய பந்தயக் கார்களின் நகல்களைக் கட்டுவோரிடையே வேரூன்றியது. அத்தகைய நகல் கார்கள் இந்தியாவில் மிகச் சில என்பதால், அதே வேலை இங்கே பெரும்பாலும் ஜீப் வகை வண்டிகளின் மீதே நடந்துவந்துள்ளது. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டுவதில் 1940-களின் இறுதியில் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், அந்த வடிவத்தின் வாரிசாகத் தார் வண்டியை 2010-இல் வெளியிட்டபோது அதற்குத் துணிக்கூரையே இருந்தது. கெட்டிக்கூரையோடும் கிடைக்கும் புதிய தலைமுறைத் தார் 2020 அக்டோபர் 2-ஆம் நாள் வெளிவரும்வரை, வெயிலையும் மழையையும் புழுதியையும் தாங்கும் கூரையை விரும்பியவர்கள் ‘ஃபைபர் டாப்’ செய்து தரும் பட்டறைகளையே நாட வேண்டியிருந்தது. பழைய தார்களும் அதற்கு முந்தைய ஜீப்புகளும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அந்தத் தேவை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

இவ்வேலைக்கான மூலப்பொருள்கள் எளியவை. முதலாவது, கண்ணாடியை உருக்கி இழுத்த நுண்ணிழைகளால் ஆன விரிப்பு. இது இருவகைப்படும்: துண்டாக்கிய இழைகளைத் திசை பாராமல் தூவிப் படியவைத்தது ‘மேட்’ எனவும், இழைக்கற்றைகளைத் தறியில் நெய்தது ‘ரோவிங்’ எனவும் வழங்கும். நெசவு அறிந்த வாசகருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவேண்டிய தேவை குறைவு. பாவும் ஊடையும் ஓடும் இரு திசைகளில் நெய்த விரிப்பு வலுவாக நிற்கும், மேட்டின் வலிமையோ எல்லாத் திசைகளிலும் ஒன்றாக, ஆனால் குறைவாகப் பரவும். இரண்டாவது பொருள், இழைகளைக் கட்டிப்பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசின். இதில் வினையைத் தூண்டக் கோபால்ட்டும், இறுகச்செய்ய ‘ஹார்ட்னர்’ எனப்படும் பெராக்சைடும் சேர்க்கப்படும். மரத்தாலோ நுரைப்பலகையாலோ கூரையின் உருவத்தைச் செய்து, அதன்மேல் மோல்டு எடுத்து, மோல்டுக்குள் மெழுகு பூசி, நிறமேற்றிய ‘ஜெல்கோட்’ என்னும் வெளிப்பூச்சை அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடித்து, அது பாதி இறுகியதும் மேட்டை விரித்து, பிரஷ்ஷால் ரெசின் ஊட்டி, பல்லுள்ள உருளையால் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுவதே முறை. ஆக, கண்ணில் படும் வெளிப்பக்கம் முதலில் உருவாகிறது. வலுவைத் தாங்கும் உட்பக்கம் பின்னர் உருவாகிறது.

கார் உடல்களில் இப்பொருளின் வரலாறு புதியதன்று. அமெரிக்காவில் 1953-இல் வந்த கார்வெட், கண்ணாடியிழை உடலுடன் தொடர்ச்சியாக உற்பத்தியான கார்களுள் முன்னோடி. இந்தியாவில் பெங்களூரின் சிபானி நிறுவனம், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவி 1980-களின் தொடக்கத்தில் டால்ஃபின் என்னும் சிறுகாரைக் கண்ணாடியிழை உடலோடு விற்றது. சந்தையில் பெரிதாக எடுபடாத அந்தக் காரைப் பந்தய ஆர்வலர்கள் அதன் எடைக்குறைவுக்காகவே விரும்பினர். இன்று பழவேற்காட்டுக் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளும், கரூரில் கட்டப்படும் பேருந்துகளின் முகப்புகளும், சென்னைத் திரைப்பட அரங்குகளின் சிலைகளும் ஒரே கைப்பழக்கத்தின் வெவ்வேறு விளைவுகள். பெரிய அழுத்து எந்திரமோ உலையோ இல்லாத ஒரு சிறு கொட்டகை, ஒரே ஒரு வண்டிக்காகக் கூரை செய்து தர முடிவதற்கு இந்தப் பரவலே காரணம். இரும்புத்தகட்டில் அதே வளைவுகளை ஒரு முறைக்காக மட்டும் அச்சு செய்து எடுப்பது எந்த உரிமையாளருக்கும் கட்டுப்படியாகாது.

‘ஃபைபர்தானே’ என்று இதை இரும்புக்குக் கீழாக எண்ணும் பொதுப்பேச்சும் கணக்குக்கு நிற்பதில்லை. சதுரமீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை மூன்று அடுக்காகப் போட்டால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு கிடைக்கும்; அதன் எடை சதுரமீட்டருக்குச் சுமார் நாலரைக் கிலோ. 0.8 மில்லிமீட்டர் இரும்புத்தகடோ ஆறேகால் கிலோவைத் தாண்டும். இரும்பின் விறைப்பு மேட் ஓட்டின் விறைப்பைவிட 30 மடங்கு அதிகம் என்றாலும், ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடியைச் சார்ந்திருப்பதால், தடித்த ஓடு அந்தக் குறையை ஈடுகட்டி இரும்பைவிட ஒன்றேமுக்கால் மடங்கு விறைப்பாகவே நிற்கும். துருப்பிடிக்காமை இதற்கு மேலான ஆதாயம். கடலோர உப்புக்காற்றில் அது சிறிய ஆதாயமன்று.

ஆயினும் இந்தக் கணக்கு, ஓடு முழுதும் 3 மில்லிமீட்டர் இருக்கிறது, இழை முழுதும் நனைந்திருக்கிறது, ரெசின் முழுதும் இறுகியிருக்கிறது என்னும் மூன்று அனுமானங்களின் மேல் நிற்கிறது. அவற்றுள் மூன்றாவதுதான் சென்னைப் பகுதியின் தட்பவெப்பத்தில் முதலில் தவறுகிறது. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கலக்கிய ரெசின், மேட்டில் ஊட்டி முடிப்பதற்குள் வாளியிலேயே கட்டியாகிவிடும். அதைத் தவிர்க்கப் பணியாளர் ஹார்ட்னரைக் குறைக்கிறார். நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் கீழே அது இறங்கினால் ஓடு கெட்டிப்பட்டதுபோலத் தோன்றுமே தவிர, உள்ளே வினை முடிவதில்லை. ரெசினிலிருந்து எழுந்து மாதக்கணக்கில் வண்டிக்குள் வீசும் ஸ்டைரீன் நெடி அதன் அடையாளம். முறையாக இறுகிய சாதாரணப் பாலியெஸ்டரே 60 முதல் 70 பாகையில் தளரத் தொடங்கும் என்றால், அரைகுறையாக இறுகிய கருப்புக் கூரை மே மாத வெயிலில் நின்று நடுவில் தொய்வதில் வியப்பில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது: ஈரம் குடித்த மேட்டில் ரெசின் சரியாகப் பிடிப்பதில்லை.

மோல்டு செய்யும் செலவைத் தவிர்க்க, ஏற்கெனவே உள்ள ஒரு கூரையின் மேலேயே மோல்டு எடுப்பது பட்டறைகளின் இன்னொரு வழக்கம். பிறர் வடிவத்தை நகலெடுப்பதன் நேர்மையைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவைத்தாலும், ரெசின் இறுகும்போது சுருங்குவதால் ஒவ்வொரு தலைமுறை நகலும் சற்றே குறுகுகிறது. மூலத்தில் இருந்த கோணல், நகலில் கோணலோடு குறுக்கமுமாக வந்து சேர்கிறது. பொருத்தும் நாளில் இடைவெளி தெரிந்தால் ‘பட்டி’ என்னும் நிரப்புச் சாந்தை அடித்துத் தேய்த்துச் சமன்செய்துவிடுவார்கள். பட்டிக்கு எடையுண்டு, வலிமையில்லை.

பொருத்தும் இடத்தில்தான் கைவேலையின் தரம் முழுமையாக வெளிப்படுகிறது. ஏணிச் சட்டத்தின் மேல் அமர்ந்த திறந்த வண்டி, குண்டுகுழியில் முறுக்கிக்கொண்டே ஓடும். முன்கண்ணாடிச் சட்டமும் பின்தொட்டியும் ஒன்றுக்கொன்று அசையும். அவ்விரண்டையும் பிணைக்கும் விறைப்பான ஓட்டை நேரடியாகப் போல்ட் போட்டு இறுக்கினால், வண்டி செய்ய வேண்டிய முறுக்கத்தை ஓடு தடுக்க முயன்று, போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் ஜெல்கோட் விரிசல்விடும். வெப்பமும் சேர்ந்துகொள்கிறது: 40 பாகை வெப்ப ஏற்றத்தில் 1,200 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓடு, அதைத் தாங்கும் இரும்பைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அதிகம் நீள்கிறது. துளையைச் சற்று நீட்டி வெட்டி, ரப்பர் வாஷரும் அகன்ற தகடும் வைத்துப் பொருத்தும் பட்டறை இவ்விரண்டையும் ஒருங்கே சமாளித்துவிடும். அதைச் செய்யாத பட்டறையின் கூரையில் விரிசல் வழியாக மழைநீர் இறங்கும். பழியோ ரப்பர் பீடிங்கின் மேல் போகும்.

மிகக் கடுமையாகச் சொல்லவேண்டிய குறை ஒன்று உண்டு. கெட்டியான கூரை, திறந்த வண்டியில் இல்லாத பாதுகாப்புணர்வைத் தருகிறது. வண்டி கவிழ்ந்தால் அவ்வுணர்வுக்கு ஆதாரமில்லை. இரும்பு மடங்கி, நசுங்கி, மோதலின் ஆற்றலை விழுங்கும். மேட் ஓடு நூற்றுக்கு இரண்டு பங்கு நீட்சியைக்கூடத் தாங்காமல் உடையும். கூரை நசுங்காமை குறித்த அமெரிக்க விதி 2009-இல் திருத்தப்பட்டபோது, சிறுவண்டிகளின் கூரை தாங்கவேண்டிய சுமை வண்டி எடையின் ஒன்றரை மடங்கிலிருந்து மும்மடங்காக உயர்ந்தது. கைவேலை ஓடு எதுவும் அந்த வரிசையில் நிற்காது. உயிரைக் காப்பது உள்ளே பற்றவைத்த இரும்புக்குழாய்க் கூண்டு மட்டுமே என்பதைச் சொல்லாமல் கூரை விற்பவர் பொருளின் பாதியை மறைத்து விற்கிறார்.

சட்டத்தின் நிலையும் உரிமையாளருக்குச் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச்சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. கழற்றி மாட்டும் கூரைக்கும் நிலையாக இணைத்த கூரைக்கும் உள்ள வேறுபாட்டைச் சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரி கருத்தில் கொள்வார் என்று நம்பிக் கூரைக்குப் பணம் செலவிடுவது துணிச்சல்தான்.

இத்தனைக்கும் நடுவில் பேசப்படாதவர் பணியாளர். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் சேர்த்தது. கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் வெடிக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் புட்டிகளில் நிற்கும் கொட்டகைகள் அரிதல்ல. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு விளிம்பைக் கிரைண்டரால் அறுப்பவரின் கூலியில் இந்த அபாயத்துக்கு இடமில்லை; கூரையின் மலிவில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

வாங்குபவர் செய்யக்கூடியது அதிகமில்லை என்றாலும் முற்றிலும் இல்லாமலில்லை. பளபளக்கும் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கலாம். வெளுத்த திட்டுகள் நனையாத இழையையும், அசிட்டோன் தோய்த்த துணி ஒட்டிக்கொள்ளும் பரப்பு இறுகாத ரெசினையும் காட்டும். இன்னும் உறுதியான சான்று, பக்கச் சன்னல்களுக்காக ஓட்டிலிருந்து வெட்டியெடுத்துக் குப்பையில் எறியப்படும் துண்டுகளில் இருக்கிறது. அத்துண்டின் விளிம்பில் தடிமனை நேரில் அளக்கலாம். ஒரு சிறு பகுதியை எடைபோட்டு, ரெசின் முழுதும் போகும்வரை உலையில் எரித்து, மிஞ்சும் கண்ணாடியை மறுபடி எடைபோட்டால் இழையின் பங்கு தெரிந்துவிடும். மேட் வேலையில் அது நூற்றுக்கு முப்பதை ஒட்டி இருக்கவேண்டும். படகு கட்டும் நல்ல கூடங்களில் இது வழக்கமான சோதனை. கூரையை ஒப்படைக்கும்போது அந்தச் சன்னல் துண்டுகளையும் சேர்த்துத் தரும்படி கேட்கும் வாடிக்கையாளருக்கு இதில் கூடுதல் செலவு ஏதுமில்லை.