கில்பெக் சுவரை அண்ணாந்து பார்த்து

இங்கிலாந்தில் மாபெரும் கதீட்ரல்களுக்குப் பஞ்சமில்லை. டர்ஹம், லிங்கன், காண்டர்பரி எல்லாமே மலைக்க வைப்பவைதான். ஆனால் "ஒரே ஒரு தேவாலயம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகட்டும்?" என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் கில்பெக் என்றுதான் சொல்வேன். ஹெரிஃபர்டு நகரத்துக்குத் தென்மேற்கே, வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஒரு குக்கிராமம். அதன் பங்குத் தேவாலயம் புனித மரியாளுக்கும் வேல்ஸ் நாட்டுப் புனிதர் டேவிடுக்கும் உரியது. உயர்ந்த கோபுரம் கிடையாது. மக்கள் கூடும் நீள்சதுர அறை, அதையொட்டிச் சற்றே குறுகிய பீடப்பகுதி, கிழக்குக் கோடியில் அரைவட்டமாக வளைந்து முடியும் சுவர். அவ்வளவுதான் கட்டடம். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டியை நிறுத்தக்கூடத் தோன்றாது. கிட்டே போனால் நகரத் தோன்றாது!

இன்று நாம் பார்க்கும் உருவில் இது எழுந்தது ஏறக்குறைய 1140இல். நார்மன் படையெடுப்புக்குப் பிறகு இந்த ஊர் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் என்ற பிரபுவின் கைக்கு வந்தது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கிலேயே அவர் பெயர் இருக்கிறது. அவருடைய மகன் ஹியூ காலத்தில்தான் இந்த அற்புதம் நடந்தது. தேவாலயத்துக்கு மேற்கே அவர்களுடைய கோட்டை மேடு இன்னும் நிற்கிறது. மேலே இடிந்த சுவர்த் துண்டுகள். ஜான் மன்னரே வந்து தங்கிய கோட்டை அது. அருகில் இருந்த பழைய ஊரும் புல் மூடிய மேடு பள்ளங்களாகிவிட்டது. கோட்டை போனது, ஊர் போனது, தேவாலயம் மட்டும் போகவில்லை. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

முதலில் தெற்கு வாசலுக்குப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரமாக இருந்தால் பாக்கியம். செம்மணற்கல்லில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடவில்லை. கதவுக்கு மேலே உள்ள அரைவட்டக் கல்லில் பழக்கொத்துகள் தொங்கும் ஒரு மரம். அதைச் சுற்றிய வளைவுகளில் பறவைகளும் டிராகன்களும் விநோத விலங்குகளும் ஒன்றையடுத்து ஒன்றாக ஓடுகின்றன. இரு பக்கத் தூண்களிலும் பாம்புகள், ஒன்றின் வாலை இன்னொன்று விழுங்கியபடி. இடப்பக்க உள்தூணில் இரண்டு போர்வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். அவர்கள் போட்டிருக்கும் கால்சட்டையைப் பாருங்கள்: மடிப்பு மடிப்பாக, கோடு கோடாக, துணியின் தொய்வுகூடக் கல்லில் தெரிகிறது. வலப்பக்கத் தூணின் தலையில் ஒரு முகம். அதன் வாயிலிருந்து கொடிகள் கிளம்பிப் படர்கின்றன. கிட்டத்தட்ட 900 வருட மழையும் பனியும் பட்ட கல் இது. உளி நேற்று எடுத்துவைத்ததுபோலக் கூர்மை! நல்ல கல்லைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த கைகள் அவை. அந்தச் சிற்பிகளில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

இனிதான் விருந்து. உள்ளே போகும் அவசரத்தை அடக்கிக்கொண்டு வெளிச்சுவரை ஒட்டி நடங்கள், அண்ணாந்து பார்த்தபடியே. கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்களில் 85 இன்றும் இருக்கின்றன. அநேகமாக ஒவ்வொன்றிலும் ஓர் உருவம். சிலுவை தாங்கிய இறைவனின் ஆட்டுக்குட்டி இருக்கிறது. அதே வரிசையில் பன்றி இருக்கிறது, செம்மறிக்கடா இருக்கிறது, பிடில் வாசிப்பவன் இருக்கிறான், கட்டிக்கொண்டு நிற்கும் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் காதலர்களா, மல்லர்களா என்று இன்னும் பேச்சு ஓயவில்லை. நான் காதலர்கள் கட்சி. எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது நாயும் முயலும். தொங்கிய காதும் அப்பாவி முகமுமாக ஒரு நாய், பக்கத்தில் நீண்ட காதுகளோடு ஒரு முயல், வேட்டை விரோதத்தை மறந்து ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இன்றைய கார்ட்டூன் படமொன்றிலிருந்து இறங்கி வந்ததுபோல அத்தனை உயிர்ப்பு!

அரைவட்டச் சுவரில்தான் இந்தத் தேவாலயத்தின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன சிற்பம். வழுக்கைத் தலையும் பெரிய கண்களுமாக ஒரு பெண், இரு கைகளாலும் தன் பிறப்புறுப்பை விரித்துக் காட்டுகிறாள். ஷீலா-நா-கிக் என்று இந்த வகை உருவங்களைச் சொல்கிறார்கள். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் வேறு பல இடங்களில் உண்டு. காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்பார் சிலர், வளத்தின் அடையாளம் என்பார் சிலர், தீயதை விரட்டும் காவல் என்பாரும் உண்டு. எந்த விளக்கமும் அவளை முழுதாக அடக்கிவிடவில்லை. ஒரு வழிபாட்டிடத்தின் சுவரில் ஆட்டுக்குட்டியும் அவளும் ஒரே வரிசையில் இருக்கலாம் என்று அந்தக் காலம் நினைத்ததே, அதை நினைத்துத்தான் நான் பூரிக்கிறேன். மனித வாழ்க்கையில் எதையும் வெளியே தள்ளாத சுவர் இது.

மேற்கு முகப்புக்கு வந்தால் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் டிராகன் தலைகள், வாய் பிளந்து, நாக்கு சுருண்டு. வைக்கிங் மரச்செதுக்குகளின் வாடை அதில் பலமாக அடிக்கிறது. கில்பெக்கின் மகத்துவமே இந்தக் கலவைதான். வட ஐரோப்பிய டிராகனும், கெல்ட்டியர் பின்னல் கோலமும், ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் கண்ட சிற்பங்களின் சாயலும் ஒரே சுவரில் கூடியிருக்கின்றன. இந்தக் கைவரிசைக்கு ஹெரிஃபர்டுஷயர் சிற்பப் பள்ளி என்று கலை வரலாற்றாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இதே வட்டாரத்தில் ஷாப்டன் என்ற ஊரில் தேவாலயம் எழுப்பிய ஆலிவர் டி மெர்லிமண்ட் சந்தியாகோவுக்கு யாத்திரை போய் வந்தவர். ஆனால் ஷாப்டனின் கதி வேறு. 18ஆம் நூற்றாண்டில் பழைய தேவாலயத்தை இடித்து, அதன் செதுக்கு வளைவுகளை மேட்டின்மேல் அலங்காரத்துக்காக நட்டுவைத்தார்கள். திறந்தவெளியில் மழை அவற்றைக் கரைத்தே விட்டது. அதைப் பார்த்துவிட்டுக் கில்பெக் வந்தால், இங்கே தப்பியது எவ்வளவு என்று நெஞ்சு விம்மும். 1842இல் ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் கில்பெக்கின் சிற்பங்களை வரைந்து நூலாக வெளியிட்டார். அதே நூற்றாண்டில் லூயிஸ் காட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞர் தேவாலயத்தைப் பழுதுபார்த்தார். இருவருக்கும் என் நன்றி.

உள்ளே அலங்காரம் குறைவு, அமைதி அதிகம். பீடப்பகுதியின் வளைவைத் தாங்கும் தூண்களில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகப் புனிதர்கள் நிற்கிறார்கள், பக்கத்துக்கு மூவர். சாவியோடு பேதுருவைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பெரிய கல் ஞானஸ்நானத் தொட்டியையும், பானை வயிற்றைக் கைகளால் கட்டிக்கொண்டிருக்கும் தீர்த்தக் கல்லையும் தவறவிடாதீர்கள்.

கில்பெக் பிடித்துப் போனவர்கள் அதே மாவட்டத்தில் ஏர்ட்ஸ்லி ஊர்த் தேவாலயத்துக்கும் போய்விடுங்கள். அங்குள்ள ஞானஸ்நானத் தொட்டியும் இதே சிற்பப் பள்ளியின் வேலை. பின்னல் கோலங்களுக்கு நடுவே இரண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள், ஒருவனின் ஈட்டி மற்றவனின் தொடையில் பாய்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம் கிறிஸ்து ஒரு மனிதனைக் கையைப் பிடித்துப் பாதாளத்திலிருந்து இழுத்து மீட்கிறார். பின்னால் பெரிய சிங்கம் ஒன்று. தொட்டியைச் சுற்றி வந்து அந்த வீரர்களின் உடையைக் கவனியுங்கள்: கில்பெக் வாசலில் பார்த்த அதே கோடுகள், அதே மடிப்புகள்!