யாருடைய பிணத்தின் மேல் இந்தச் சண்டை?

ஆர்.எஃப். குவாங்கின் ‘யெல்லோஃபேஸ்’ (2023) நாவலை இணையப் புகழ் பற்றிய அங்கதம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. சீன அமெரிக்க எழுத்தாளர் அதீனா லியு தொண்டையில் பான்கேக் சிக்கிச் சாகிறாள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரத் தோழி ஜூன் ஹேவர்ட் அவளது நாவல் பிரதியை எடுத்துப்போய், திருத்தி, ‘ஜூனிப்பர் சாங்’ என்ற பெயரில் தன்னுடையதாக வெளியிடுகிறாள்.

அதீனா தட்டச்சு இயந்திரத்தில் எழுதுபவள். வேறு நகல் இல்லை. ஆக, உண்மைக்கு ஒரே சாட்சி திருடிதான். கதைசொல்லியும் அவளே. அவள் நினைவுகூர்வதைத் தவிர நமக்கு வேறு அதீனா கிடையாது. ட்விட்டரில் செத்தவளின் பேரில் ஒரு கணக்கு குற்றம்சாட்டத் தொடங்கியதும், ஜூன் தன் ஞாபகங்களையே திருத்தி எழுதிக்கொள்கிறாள். நான் திருடலை, முடிச்சுக் கொடுத்தேன் என்கிற தினுசில். அதுமட்டுமா, கல்லூரி நாட்களில் தான் நம்பிச் சொன்ன பாலியல் அத்துமீறலை அதீனா கதையாக்கி அச்சிட்டுவிட்டாள் என்கிறாள். இது பொய்யில்லை என்றே எனக்குப் படுகிறது. களவு கொடுத்தவளும் களவாடியவளும் ஒரே ஆள் என்று பிரதி காட்டுகிற இந்த இடம் வாசகரை நிம்மதியாக உட்காரவிடாது.

சரி, திருடப்பட்ட பிரதி எதைப் பற்றியது? முதல் உலகப்போரில் பிரிட்டனும் பிரான்சும் கூலிக்குக் கூட்டிவந்த சீனத் தொழிலாளர்கள், ஏறத்தாழ 1,40,000 பேர். பதுங்குகுழி வெட்டினார்கள், போர் முடிந்தபின் வெடிக்காத குண்டுகளையும் பிணங்களையும் அப்புறப்படுத்தினார்கள். நுவாயெல்-சூர்-மேர் கல்லறையில் மட்டும் 800க்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். பதிப்பகத்தில் இவர்கள் கதி என்ன? வாசகர் முகம் சுளிக்காதபடி வெள்ளைப் பாத்திரங்களின் குரூரம் மழுங்கடிக்கப்படுகிறது. எடிட்டிங் என்று பேர்! நாவலின் பலம் இந்தப் பக்கங்கள்தான், ட்விட்டர் ரகளை அல்ல. அதன்பிறகு ஆளாளுக்கு ‘இது யாருடைய கதை’ என்று கத்துகிறார்கள். சீன அமெரிக்கர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் மட்டும், தன் உறவினர் அந்தத் தொழிலாளர் படையில் இருந்தவர் என்று சொல்லி ஜூனுக்கு நன்றி சொல்கிறார். அவருக்கு ட்விட்டர் சண்டையில் இடமில்லை.

வேலையிழந்த பதிப்பக உதவியாளர் கேண்டிஸ் பழிவாங்க வருகிற கடைசிப் பகுதி வெறும் சினிமா. குவாங் அவசரப்பட்டிருக்கிறார். ஆனால் அந்த மோதலுக்குப் பிறகு இருவரும் செய்ய நினைப்பது ஒன்றுதான்: தன் தரப்பு உண்மையை ஒரு புத்தகமாக்கி விற்பது.