வள்ளி வர ரெண்டு மணி ஆகும், சாப்பிட்டு வாங்க

"வள்ளி வர ரெண்டு மணி ஆகும்ணே. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, எடத்தைப் பாத்துக்கிறேன்."

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கோயில் திருவிழா நாடகத்துக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் துண்டை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்த ஒரு பெரியவர் சொன்னது இது. அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பார்வையாளனைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவனுக்காகக் காத்திருக்கிற கலை ஸ்பெஷல் நாடகத்தைத் தவிர வேறு எது இருக்கிறது? நகரத்தில் ஒரு குளுகுளு அரங்கத்துக்குப் போயிருந்தபோது, பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைய நாடகத்தில் ஒரு வசனம்கூட நினைவில்லை. முறுக்கு மட்டும் நினைவிருக்கிறது.

நாடகத்துக்குக் கிளம்புகிறவன் முதலில் மதுரை சிம்மக்கல் போக வேண்டும் என்பது என் கட்சி. அங்கே கோனார் கடையில் கறி தோசை. ஊத்தப்பக் கனத்துக்கு மாவை ஊற்றி, அதன்மேல் முட்டையைப் பரப்பி, வெந்து மசாலா ஏறிய கொத்துக்கறியை அள்ளிப் போட்டு, புரட்டி எடுப்பார்கள். அடிப்பக்கம் முறுகல், நடுவில் பஞ்சு, மேலே கறி. ஒன்று தின்றாலே வயிறு 'போதும்' என்று சொல்லிவிடும். நாக்கு அதைக் காதில் வாங்காது. கூட வந்த என் மச்சினன், "மாமா, இன்னொண்ணு சொல்லவா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை. அங்கிருந்து விளக்குத்தூணுக்கு நடந்து ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா. சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இருக்கும்போதே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டால் இரவு பத்து மணிக்கு நாடகக் கொட்டகை முன்னால் மணலில் உட்கார்ந்துவிடலாம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஸ்பெஷல்' என்றால் இந்த நாடகத்துக்கென்று ஒரு கம்பெனியோ குழுவோ கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். நோட்டீஸிலும் அப்படித்தான், ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே பேரும் ஊரும். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அன்று சாயங்காலம்தான் சிலர் ஒருவரையொருவர் பார்த்தே இருப்பார்கள். விடிய விடிய நடிக்கப்போகிறவர்கள்! இந்தத் துணிச்சலுக்கு அடித்தளம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். அவர் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம் என்பதால்தான் முன்பின் தெரியாத இருவர் மேடையில் ஏறி ஜென்மப் பகையாளிகள் மாதிரி சண்டை போட முடிகிறது.

முதலில் பபூன். ஆர்மோனியக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து சுருதி பிடிக்க, பபூன் நடுவில் வந்து நின்று ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார். பிறகு டான்ஸ் நடிகை வருவார், இருவருக்கும் வாய்ச் சண்டை. அசல் கதை, அதாவது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் ஆகிற கதை, நள்ளிரவுக்கு மேல்தான். நடுநடுவே மைக்கில் "இன்னார் அன்பளிப்பு நூறு ரூபாய்" என்று அறிவிப்பு வேறு. அதற்காகக் கதை நிற்கும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கதை எங்கே ஓடிவிடப் போகிறது?

இந்த இடைவெளியில்தான் நாங்கள் பரோட்டாக் கடைக்குப் போனோம். திருவிழாவுக்காக மைதானத்து ஓரத்தில் முளைத்த கடை. நாலு பெஞ்சு, ஒரு தகரக் கூரை, ஒரு பெரிய கல். சால்னாவில் எண்ணெய் மிதக்கிறது, வாசனை மேடை வரைக்கும் போகிறது. மாஸ்டர் கொத்துப் பரோட்டாவுக்காகக் கல்லில் தட்ட ஆரம்பித்தார். டகடக, டகடக. அந்த நேரம் பார்த்து மேடையில் மிருதங்கக்காரர் ஒரு சுற்று வாசித்துக்கொண்டிருந்தார். ரெண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. பபூன் சட்டென்று பேச்சை நிறுத்தி, கையை நெற்றியில் வைத்து இருட்டுக்குள் எட்டிப் பார்த்து, மைக்கில் சொன்னார்: "ஏப்பா, அந்தப் பரோட்டா மாஸ்டருக்கும் ஒரு சம்பளம் போட்டுருங்கப்பா. நம்ம செட்டுல அவருதான் சரியா வாசிக்கிறாரு." கூட்டம் குலுங்கியது. மாஸ்டர் தோசைத் திருப்பியை உயர்த்திக் கும்பிடு போட்டார். என் மச்சினனுக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது. எந்த நாடகாசிரியன் எழுதி வைத்தாலும் இப்படி ஒரு காட்சி அமையாது ஐயா!

ரெண்டு மணிக்குச் சரியாகத் திரும்பி வந்தோம். பெரியவர் எங்கள் இடத்தில் செருப்பை வைத்துக் காத்திருந்தார். வள்ளி வந்தாள்.

பிறகு நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். முருகனைக் கட்டிக்கொள் என்கிறார் நாரதர், முடியாது என்கிறாள் வள்ளி. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நாரதர் ஒரு பாட்டில் மடக்குவார், வள்ளி எதிர்ப்பாட்டில் உடைப்பாள். தோற்கிற மாதிரி தெரிந்தால் ஆர்மோனியத்தைப் பார்த்து ஒரு கண்ணசைவு, சுருதி மாறும், புது வழியில் கிளம்பும். எனக்கு முன்னால் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு அக்கா வள்ளியின் ஒவ்வொரு பதிலுக்கும் "அப்படிக் கேளு தாயி" என்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த வள்ளியின் குரல் இருக்கிறதே, மைக் நடுவில் ஒருமுறை மக்கர் செய்தபோதுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்டது.

இந்த வேடங்களுக்கு இருந்த மரியாதை சாதாரணமானதல்ல. நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வெள்ளைக்காரன் காலத்தில் முருகன் வேடத்தில் நின்று தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை போனவர். 1940-ல் சென்னையில் அதே வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். நாங்கள் பார்த்த இரவிலும், அந்தக் கிராமத்து மேடையில் ராஜபார்ட் வேல் பிடித்து வந்து நின்றதும் வயசான ஒருவர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடிகரைக் கும்பிட்டாரா முருகனைக் கும்பிட்டாரா என்று பிரித்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பிடித்த கட்டம் கிழவன் கட்டம். முருகன் கிழ வேடத்தில் வந்து, பசி என்று தள்ளாடுகிறார். வள்ளி தேனும் தினைமாவும் தருகிறாள். தின்றதும் விக்கல். ஏழு மலை தாண்டிச் சுனைக்குத் தண்ணீருக்குப் போக வேண்டும். பாருங்கள், காதல் கதையிலேயே சாப்பாடு வந்துவிட்டது! அந்த ராஜபார்ட் விக்கியது விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு தாளம், ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சிரிக்க, கால்மணி நேரம் விக்கிக்கொண்டே இருந்தார். பிறகு யானை வந்தது, வள்ளி பயந்தாள், கல்யாணம் ஆனது, கிழக்கே வெளுத்தது.

விடிகாலையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு இட்லிக் கடை. ஆவி பறக்கும் இட்லி, தேங்காய்ச் சட்னி, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மிளகாய்ச் சட்னி. இட்லி மல்லிகைப்பூ மாதிரி இருக்கும் என்று எழுதுவது வழக்கம். நான் ஆறு சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எதிர் பெஞ்சில் லுங்கியும் பனியனுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். காதோரத்தில் இன்னும் அரிதாரம் போகவில்லை. ராஜபார்ட்! நாலு இட்லி வாங்கி, மிளகாய்ச் சட்னியில் ஒரு துண்டைத் தோய்த்து வாயில் போட்டார்.

விக்கல் எடுத்தது. நிஜ விக்கல்.

என் மச்சினன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏழு மலை தாண்டிப் போகிற வேலையில்லை. சொம்பு என் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.