சிவப்புக் கோடும் மனிதக் கரங்களும்

மக்களின் வாழ்வைத் திசைதிருப்பும் எழுத்துக்கள் யாவும் இலக்கிய நூல்களாக அமைவதில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழுவினர் 2020 மார்ச் 16 ஆம் திகதி வெளியிட்ட, கொரோனா பற்றிய ஒன்பதாவது அறிக்கை அத்தகைய எழுத்துக்களில் ஒன்று. ஒரு வாரம் கழித்துப் பிரித்தானியா முடக்கப்பட்டது. அம்முடிவுக்கு அறிக்கை மட்டுமே காரணமன்று. எனினும் அதன் பங்கை எவரும் மறுப்பதற்கில்லை. ஆகவே, ஓர் இலக்கியப் படைப்பை நோக்குவது போலவே அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் நோக்குதல் தகும்.

நோய் தடையின்றிப் பரவுமாயின் பிரித்தானியாவில் 510,000 பேர் மாள்வர். உச்சக் கட்டத்தில் தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் தேவை, இருக்கக்கூடியவற்றின் 30 மடங்கை மிஞ்சும். நோயாளரைத் தனிமைப்படுத்தி முதியோரைக் காக்கும் மிதமான வழியை மேற்கொண்டாலும் 8 மடங்காகும் என்று அறிக்கை கணித்தது. ஆள்வோருக்கு ஒவ்வாத செய்தியை மழுப்பாமற் கூறியமை அதன் பெருமை.

அதன் குறைபாடு வரைபடத்திலே தெரிகின்றது. தேவையைக் காட்டும் வளைகோடுகள் மலைபோல் எழுகின்றன. அவற்றின் அடியிலே, தரையோடு ஒட்டினாற்போல, ஒரு சிவப்புக் கோடு ஓடுகின்றது. நெருக்கடியில் திரட்டக்கூடிய படுக்கைகளின் எல்லை அது. வளைகோடுகளைத் தாழ்த்தும் வழிகள் நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. சிவப்புக் கோடு ஏன் அத்துணை தாழ்ந்து கிடக்கின்றது என்ற வினாவோ எழவில்லை. இயற்கை விதித்த எல்லை போல அது வரையப்பட்டுள்ளது. ஆனால், 2012 இல் வெளியான ஐரோப்பியக் கணக்கெடுப்பு ஒன்றின்படி, ஓர் இலட்சம் மக்களுக்கு ஜெர்மனியில் 29.2, இத்தாலியில் 12.5, பிரித்தானியாவில் 6.6 தீவிர சிகிச்சைப் படுக்கைகள் இருந்தன. வரைவிலக்கணங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், இவ்வேற்றுமை இயற்கையின் விளைவன்று. அரசுகள் செய்த தெரிவுகளின் விளைவாகும்.

மற்றொரு குறையும் உண்டு. வைத்தியசாலையின் ஆற்றலை அறிக்கை படுக்கைகளால் அளந்தது. அதே அளவுகோலை அரசும் கைக்கொண்டது. கிழக்கு இலண்டனின் கண்காட்சி மண்டபம் ஒன்று ஒன்பதே நாட்களில் வைத்தியசாலையாக மாற்றப்பட்டு, ஏப்ரல் 3 ஆம் திகதி திறக்கப்பட்டது. 4,000 படுக்கைகள் வரை இடமிருந்த அவ்விடத்தில், முதல் அலையின்போது சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ 54 பேரே. ஏனைய வைத்தியசாலைகள் தம் பிரிவுகளை விரிவாக்கிக்கொண்டமை இதற்கு ஒரு காரணம். தாதியர் போதாமையால் சில நோயாளரை அங்கு ஏற்க இயலவில்லை என்ற செய்திகளும் வெளிவந்தன. கடும் நோயாளர் ஒருவருக்கு ஒரு தாதி என்பது அந்நாட்டு நியமம். அந்த வசந்தத்தில், ஏனையோரின் துணையுடன், பயிற்சி பெற்ற ஒரு தாதி ஆறு பேரைக் கவனிக்கலாம் என அது தளர்த்தப்பட்டது. 2017 இல் தாதிய மாணவரின் உதவிப்பணத்தை நிறுத்திய நாட்டிலே, கொள்ளைநோய்க்கு முன்னரே ஏறத்தாழ 40,000 தாதியர் இடங்கள் வெற்றிடமாயிருந்தன. கட்டிலை ஒன்பது நாளில் அமைத்துவிடலாம். தாதி ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

தீவிர சிகிச்சையின் பிறப்பே இவ்வுண்மையை உரைக்கின்றது. 1952 இல் கொப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, பிளெக்டாம் வைத்தியசாலையில் ஓர் இரும்பு நுரையீரலும் ஆறு மார்புக் கவசக் கருவிகளுமே இருந்தன. அவற்றாற் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், மூச்சுக்குழலில் துளையிட்டு, இறப்பர்ப் பையினால் காற்றைச் செலுத்தும் முறையைப் புகுத்தினார். பையை அமுக்கியவை இயந்திரங்கள் அல்ல. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, நோயாளரின் மூச்சாக நின்றனர். மரண வீதம் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. அவ்வனுபவத்திலிருந்தே, 1953 இல் இப்சன் தீவிர சிகிச்சைப் பிரிவை நிறுவினார்.

கணிதவியலாளரிடம் சமுதாய வரலாற்றை எதிர்பார்ப்பது நியாயமா எனச் சிலர் வினவலாம். சில நாட்களில் விடை கூறவேண்டியிருந்தோர் இருப்பதைக் கொண்டு கணித்ததிற் குற்றமில்லை. ஆனால், இருப்பதை மாறாத ஒன்றாகக் கொள்ளும் எழுத்து, அதனை அவ்வாறு ஆக்கியோரை விசாரணையிலிருந்து தப்பவிடுகின்றது. அடுத்த கொள்ளைநோய்க்குத் திட்டம் தீட்டுவோர் முதற் பக்கத்திலே எழுதவேண்டியது கட்டில்களின் தொகையை அன்று. நள்ளிரவில் அவற்றின் அருகே நிற்கப்போகும் மனிதரின் தொகையையும், அவர்களைப் பயிற்றப் பிடிக்கும் ஆண்டுகளையும், அவர்களுக்குரிய ஊதியத்தையுமே. அப்பக்கம் இல்லாத திட்டத்தை முழுமையற்றதென்று கூறும் துணிவு நமக்கு வேண்டும்.